கண்ணாடியைத் தாங்கும் கறுப்புக் கோடு

சாலையோரம் ஒரு கார் நிற்கக் கண்டால் சற்று அருகில் சென்று அதன் முன்கண்ணாடியின் ஓரத்தைப் பாருங்கள். நான்கு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை ஒன்று ஓடும். பட்டை முடியும் இடத்தில் கறுப்புப் புள்ளிகள் பெரிதாகத் தொடங்கிச் சிறிதாகி மறைந்துவிடும். அழகுக்காகப் போட்ட கோலம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் என்றாலும், என் காரின் கண்ணாடியை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு நாளும் நான் கேட்டுப் பார்த்ததில்லை. ஒரு சரளைக்கல் வந்து அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது.

கல் வந்த கதை

காந்திகிராமத்தைத் தொட்டுக்கொண்டு திண்டுக்கல்–மதுரை நான்குவழிச் சாலை போகிறது. அந்தச் சாலையில் ஒரு சித்திரை மாதத்து முற்பகலில் காரில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் என்னை முந்திச் சென்ற லாரியின் சக்கரத்திலிருந்து சிறு கல் ஒன்று தெறித்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்கதவுக்கும் பின்னால் சிறிய முக்கோண வடிவில் ஒரு கண்ணாடி இருக்கும். அது திறக்காது, இறங்காது. கடைக்காரர்கள் ‘குவார்ட்டர் கிளாஸ்’ என்பார்கள். அந்தக் கண்ணாடி ஒரே நொடியில் கற்கண்டு கொட்டியதுபோல் பின்இருக்கையில் கொட்டிவிட்டது.

வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவு இருந்தது. விளிம்பு மழுங்கல்தான். வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கத்திபோன்ற சில்லுகள் கிடைக்கும். இதில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஏன்?

உடையும்போது காப்பாற்றும் கண்ணாடி

காரின் பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரும்பாலும் உறுதியூட்டிய கண்ணாடியால் ஆனவை. ‘டஃபண்டு கிளாஸ்’ என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். செய்யும் முறை எளிது. கண்ணாடியை ஏறத்தாழ 620 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான துளைகள் வழியே குளிர்ந்த காற்றைப் பீய்ச்சுகிறார்கள். மேற்பரப்பு உடனே இறுகிவிடுகிறது. உள்பகுதி இன்னும் சூடாகவே இருக்கிறது. பிறகு உள்பகுதி குளிர்ந்து சுருங்க முயலும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. முடிவில் மேற்பரப்பு நிரந்தரமாக அமுக்கப்பட்ட நிலையிலும், உள்பகுதி நிரந்தரமாக இழுக்கப்பட்ட நிலையிலும் நின்றுவிடுகின்றன. மேற்பரப்பிலுள்ள இந்த அமுக்கத் தகைவு சதுர சென்டிமீட்டருக்கு 700 கிலோகிராம் எடை அல்லது அதற்கும் மேல்.

கண்ணாடி உடைவது எப்போதும் ஒரு கீறல் வாய் பிளப்பதால்தான். மேற்பரப்பு அமுங்கி இருப்பதால் கீறலின் வாய் மூடியே கிடக்கிறது. ஆகவே இந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வலிமையாக இருக்கிறது. ஆனால் கூர்மையான ஒரு கல் அந்த அமுங்கிய தோலைத் துளைத்து உள்பகுதியை எட்டிவிட்டால் கதை மாறிவிடும். அங்கே சேர்த்து வைக்கப்பட்ட ஆற்றல் முழுவதும் விடுபட, விரிசல் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் கிளைவிட்டு ஓடும். அரை மீட்டர் நீளமுள்ள கண்ணாடியை அது நொடியின் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். கண்ணாடி முழுவதும் சிறு கட்டிகளாகிவிடும். அவை கீறுமே தவிர, ஆழமாக வெட்டாது. இதனால்தான் இந்தக் கண்ணாடியைச் செய்து முடித்த பிறகு அறுக்கவோ துளையிடவோ முடியாது. அளவு, வளைவு, துளை எல்லாம் சூளைக்குப் போகுமுன்பே முடிந்திருக்க வேண்டும்.

உருகிய கண்ணாடியைச் சொட்டு சொட்டாகத் தண்ணீரில் விட்டால் தலைப்பிரட்டை வடிவில் துளிகள் கிடைக்கும். 1660-களில் இலண்டன் ராயல் சொசைட்டியில் இந்தத் துளிகளை வியந்து ஆராய்ந்தார்கள். ‘ரூபர்ட் இளவரசரின் துளிகள்’ என்பது அவற்றின் பெயர். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலைக் கிள்ளினால் முழுவதும் பொடியாகிவிடும். தலையின் மேற்பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7,000 கிலோகிராம் அளவுக்கு அமுக்கம் இருப்பதை 2016-ஆம் ஆண்டில்தான் அளந்து சொன்னார்கள். அன்று வேடிக்கைப் பொருளாக இருந்ததன் தத்துவம்தான் இன்று நம் காரின் பக்கக் கண்ணாடியில் இருக்கிறது.

இந்த மறைந்திருக்கும் தகைவை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ‘போலராய்டு’ வகைக் குளிர்கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டு, காலை அல்லது மாலை வேளையில் ஒரு காரின் பின்பக்கக் கண்ணாடியை நோக்குங்கள். வரிசையாகப் புள்ளிகளோ திட்டுகளோ தெரியும். காற்றுத் துளைகள் அன்று பீய்ச்சிய இடங்களின் அடையாளம் அவை. தகைவுக்கு உட்பட்ட கண்ணாடி, தளவிளைவுற்ற ஒளியின் தளத்தை மாற்றுகிறது. வானத்து ஒளி ஓரளவு தளவிளைவுற்றிருப்பதால் வேறு கருவியே வேண்டியதில்லை. திருச்சியில் பிறந்த நம் சர் சி. வி. இராமன் 1921-இல் கப்பல் பயணத்தின்போது இதே தளவிளைவைக் கைக்கருவியாகக் கொண்டுதான், ஒரு நிக்கல் பட்டகத்தின் வழியே கடலின் நீலத்தை ஆராய்ந்தார் என்பதை நினைவில் வையுங்கள்.

முன்கண்ணாடி வேறு வகை

முன்கண்ணாடி பொடியாக உதிர்ந்தால் ஓட்டுநருக்கு எதிர்க்காற்றும் கண்ணாடித் துகளும் முகத்தில் அடிக்கும். ஆகவே அங்கே அடுக்குக் கண்ணாடி பொருத்துகிறார்கள். ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, முக்கால் மில்லிமீட்டர் தடிமனில் பாலிவினைல் புட்டிரால் என்னும் பிளாஸ்டிக் ஏடு ஒன்று இருக்கும். கல் பட்டால் சிலந்தி வலைபோல் விரியுமே தவிர உதிராது. பிரான்சு நாட்டு எடுவார் பெனடிக்டஸ் 1903-இல் தம் ஆய்வகத்தில் கைதவறி விழுந்த ஒரு குடுவை நொறுங்கியும் சிதறாமல் இருப்பதைக் கண்டார். உள்ளே முன்பு வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து, ஏடாகப் படிந்து துண்டுகளைப் பிடித்திருந்தது. 1909-இல் அவர் காப்புரிமை பெற்றார். நம் நாட்டிலும் மோட்டார் வாகனங்களில் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. முன், பின் கண்ணாடிகள் ஒளியில் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் உள்ளே விடவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு.

ரப்பர் போய்ப் பசை வந்தது

உங்கள் தாத்தா காலத்து அம்பாசடர் காரில் கண்ணாடியை எது பிடித்திருந்தது? ரப்பர் பீடிங். அதைப் பொருத்துவதே ஒரு வேடிக்கை. ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் உள்பள்ளத்தில் ஒரு கயிற்றை ஓடவிடுவார்கள். வெளியே ஒருவர் கண்ணாடியைத் தட்டிக் கொடுக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வரவர ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கழற்றுவதும் எளிது.

ஆனால் விபத்தில் ரப்பர் கைவிட்டுவிடும். முழுக் கண்ணாடியும் கழன்று பறக்கும். ஆகவே 1960-களில் தொடங்கி, முதலில் அமெரிக்காவிலும் பிறகு உலகெங்கும், கண்ணாடியை நேரே வண்டியின் கூட்டோடு ஒட்டும் முறை பரவியது. ஒட்டும் பொருள் பாலியூரித்தேன். கடைகளில் ‘பி.யூ. சீலண்ட்’ என்று கேட்டால் தெரியும். கறுப்பு நிறத்தில் பற்பசைபோல் இருக்கும். என் காரின் சிறிய முக்கோணக் கண்ணாடியும் அப்படி ஒட்டப்பட்டதுதான்.

இந்தப் பசை எவ்வளவு தாங்கும்? ஒரு கணக்குப் போடுவோம். முன்கண்ணாடியின் சுற்றளவு 4 மீட்டர், பசைக்கோட்டின் அகலம் 1 செ.மீ. என்று கொள்வோம். பரப்பு 400 சதுர செ.மீ. நன்றாக இறுகிய பசை சதுர செ.மீட்டருக்கு 40 கிலோகிராம் எடையைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 16,000 கிலோகிராம். ஆட்கள் நிறைந்த ஒரு பஸ்ஸையே அந்தக் கறுப்புக் கோட்டில் தொங்கவிடலாம்!

கண்ணாடியின் நிறையோ சுமார் 11 கிலோகிராம்தான். மணிக்கு 48 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 13.3 மீட்டர் வேகத்தில் வரும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால் எதிர்முடுக்கம் நொடிக்கு நொடி 133 மீட்டர். விசை 11 × 133 = 1,463 நியூட்டன். கிட்டத்தட்ட 150 கிலோகிராம் எடை. அப்படியானால் நூறு மடங்கு அதிக வலிமை எதற்கு?

மூன்று காரணங்கள். முதலாவது, வார்ப்பட்டை போடாத 60 கிலோகிராம் மனிதர் ஒருவர் அதே விபத்தில் கண்ணாடியில் மோதினால், விசை 8,000 நியூட்டனை எட்டும். அது கண்ணாடி முழுவதும் பரவாமல் ஓர் இடத்தில் தாக்கும். இரண்டாவது, முன்இருக்கைப் பயணிக்கான காற்றுப்பை பல கார்களில் முதலில் முன்கண்ணாடியில் மோதி, அதைச் சுவராகக் கொண்டுதான் பயணியின் பக்கம் விரிகிறது. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு முதல் கார்களில் இந்தக் காற்றுப்பை கட்டாயம். கண்ணாடி கழன்றால் பை வெளியே போய்விடும். மூன்றாவது, வண்டி உருளும்போது கூரை நசுங்காமல் இருக்க, ஒட்டிய கண்ணாடியும் ஒரு பங்கு தாங்குகிறது. சுவரில் 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதிய பிறகும் கண்ணாடி விளிம்பின் ஒவ்வொரு பாதியிலும் குறைந்தது 50 விழுக்காடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று, காற்றுப்பை உள்ள கார்களுக்கு அமெரிக்க விதி ஒன்று கேட்கிறது.

இன்னொன்று. பசை தடிமனாக இருப்பதற்கும் கணக்கு உண்டு. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரிகிறது. கண்ணாடி 9 பங்கு. இரவில் 20 டிகிரியில் இருக்கும் வண்டி வெயிலில் 70 டிகிரியை எட்டினால், 1.4 மீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.2 மி.மீ. பசை 5 மி.மீ. தடிமன் என்றால் திரிபு 4 விழுக்காடுதான். ரப்பர்போன்ற பொருளுக்கு அது தூசு. அதே பசையை 0.1 மி.மீ. ஏடாகத் தடவியிருந்தால்? திரிபு 200 விழுக்காடு! தினமும் ஒரு முறை அப்படி இழுபட்டால் எந்தப் பசையும் பிய்ந்துவிடும். சோற்றுப் பசையை மெல்லிதாகத் தடவினால் தாள் நன்றாக ஒட்டும். இங்கே விதி நேர் எதிர்.

காற்றைக் குடித்து இறுகும் பசை

பாலியூரித்தேன் வேதியியலை 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஒட்டோ பேயர் உருவாக்கினார். வண்டிக் கண்ணாடிப் பசை இறுகுவது உலர்வதால் அன்று. காற்றிலுள்ள நீராவியைக் குடிப்பதால். பசையிலுள்ள ஐசோசயனேட் தொகுதி நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்ஸைடை வெளிவிட்டு அமீனாக மாறுகிறது. அந்த அமீன் அடுத்த ஐசோசயனேட்டைப் பிடித்துச் சங்கிலியாக்குகிறது. இதே வினையை வேகமாக, நிறைய வாயு வரும்படி நடத்தினால் கிடைப்பதுதான் நீங்கள் படுக்கும் நுரைமெத்தை!

கண்ணாடி வழியாகவும் தகரம் வழியாகவும் நீராவி நுழையாது. பசைக்கோட்டின் இரண்டு ஓரங்களிலிருந்து மட்டுமே உள்ளே போகவேண்டும். இறுகிய பகுதியைத் தாண்டித்தான் அடுத்த மூலக்கூறு விரவவேண்டும் என்பதால், வேகம் குறைந்துகொண்டே போகும். இறுகிய ஆழம், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். முதல் நாளில் 3 மி.மீ. என்றால், 6 மி.மீட்டருக்கு 2 நாள் போதாது. 4 நாள் ஆகும். 10 மி.மீ. அகலக் கோட்டில் இரு பக்கமும் 5 மி.மீ. போகவேண்டும். அதற்கு (5/3)-இன் வர்க்கம், அதாவது ஏறத்தாழ 3 நாள்.

நானே ஒட்டினேன்

இவ்வளவும் தெரிந்தபின் ‘நாமே ஒட்டிவிடலாம்’ என்று தோன்றியது. சின்னாளபட்டிச் சாலையில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் யோசனை கேட்டேன். “சார், இது கண்ணாடி வேலைன்னு நெனைக்காதீங்க. துடைக்கிற வேலை. துடைக்கிறதுக்குப் பொறுமை இருந்தா ஒட்டுங்க” என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வேலையின் வரிசையைச் சொல்கிறேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுக்கொண்டு துகள்களை அகற்றினேன். சட்டத்தில் பற்கள்போல் ஒட்டியிருந்த எச்சத்தைப் பழைய பசையோடு கத்தியால் சீவினேன். பழைய பசையை முழுவதும் சுரண்டிவிடக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுவைக்க வேண்டும். புதுப் பசை மிக நன்றாக ஒட்டுவது புதிதாகச் சீவிய பழைய பசைமேல்தான். பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தால் பிரைமர் பூசவேண்டும். இல்லையென்றால் துரு பிடித்து, நாளை பசை துருவோடு பெயர்ந்து வந்துவிடும். பிறகு புதுக் கண்ணாடியைப் பசையில்லாமல் ஒரு முறை வைத்துப் பார்த்து, மாஸ்கிங் டேப்பால் அடையாளமிட்டேன். விளிம்பைத் துடைத்து, அதற்குரிய பிரைமரைப் பூசிக் காயவிட்டேன். பசைக்குழாயின் மூக்கில் ‘வி’ வடிவில் வெட்டிச் சட்டத்தைச் சுற்றிக் கூரைமுகடுபோல் நிமிர்ந்த ஒரு கோடு இழுக்கத் தொடங்கினேன். கண்ணாடி வைத்து அமுக்கும்போது முகடு பரவி, நடுவில் காற்று சிக்காமல் நிறையும்.

கீழ் இடது மூலையில் தொடங்கினேன். பாதிச் சுற்றில் குழாய் தீர்ந்துவிட்டது. வாங்கி வந்த இன்னொரு குழாயைத் தேடி எடுத்து, மூக்கை வெட்டி, மீண்டும் இழுத்து முடிக்க 25 நிமிடம் ஆகிவிட்டது. வெயில் 38 டிகிரி. கண்ணாடியை வைத்து அமுக்கி, டேப் ஒட்டி, ஒரு ஜன்னலைச் சற்றே இறக்கிவிட்டேன். எல்லா ஜன்னலையும் மூடிக் கதவை அறைந்தால் உள்ளே அழுத்தம் கூடும். வளியழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 100 பாஸ்கல் கூடினாலே, ஒரு சதுர மீட்டர் கண்ணாடிமேல் 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளும். மூன்று நாள் வண்டியைத் தொடவில்லை. பார்க்க அழகாகவே இருந்தது.

ஐப்பசி அடைமழையில் பின்இருக்கை நனைந்தது. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் நீர் கசிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையில் ஒரு சிலிக்கோன் குழாய் வாங்கி, வெளியிலிருந்து பூசி அடைத்துவிட்டேன். கசிவு நின்றது. பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணினேன்.

மார்கழியில் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போனோம். 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பின்இருக்கையில் அந்தக் கண்ணாடியில் தலைசாய்த்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வளைவில், “அப்பா, இந்தக் கண்ணாடி ஆடுதுப்பா” என்றாள். வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்க் கட்டைவிரலால் அழுத்தினேன். கீழ் ஓரம் வெளியே பிதுங்கியது. என் கையால் ஒட்டிய கண்ணாடி, அவள் தலையின் பாரத்துக்கு விலகிக்கொண்டிருந்தது. அவளை நடுவில் உட்காரவைத்து, மலையிலிருந்து மெல்ல இறங்கினேன். கசிவு எனக்கு முன்பே செய்தி சொல்லியிருக்கிறது. நான் அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

மூன்று சந்தேகங்கள்

வீட்டுக்கு வந்து கண்ணாடியை அகற்றினேன். இயற்பியல் ஆசிரியன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவாவது காரணம் கண்டுபிடிக்க வேண்டாமா?

ஒட்டு பெயர்ந்தால் முதலில் பார்க்கவேண்டியது, எங்கே பெயர்ந்தது என்பது. பசை நடுவில் கிழிந்து இரு பக்கமும் கறுப்பாக இருந்தால், வேற்றினக் கவர்ச்சி விசை தன் கடமையைச் செய்துவிட்டது; பசையின் ஓரினக் கவர்ச்சி விசைதான் முதலில் தோற்றது. அதுதான் நல்ல ஒட்டு. ஒரு பக்கம் சுத்தமாக, பளபளவென்று வந்தால் அங்கே பசை ஒட்டவே இல்லை. என் கண்ணாடியின் மேல்பகுதி முழுவதும் கிழிந்துதான் வந்தது. கீழ் இடது மூலையிலிருந்து ஒரு சாண் நீளம் மட்டும் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

முதல் சந்தேகம், சித்திரை மாதத்து வறண்ட காற்று. நீராவி போதவில்லையோ? கணக்குப் பார்த்தேன். பசை செய்பவர்கள் சோதிக்கும் 23 டிகிரி, 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 10 கிராம் நீராவி உண்டு. நம்மூர் 38 டிகிரியில் ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காடே என்றாலும், கனமீட்டருக்கு 14 கிராம் நீராவி இருக்கும்! சூடான காற்று வறண்டதாகத் தோன்றலாம். நீர் அதில் குறைவில்லை. மேலும், காற்று காரணமாயிருந்தால் சுற்றிலும் அல்லவா பசை இறுகாமல் இருந்திருக்கும்? ஆகவே முதல் ஆளை விடுதலை செய்தேன்.

இரண்டாம் சந்தேகம், துடைத்தபின் நான் விரல் வைத்திருப்பேனோ? விரலின் எண்ணெய்ப்பசையும் ஒட்டைக் கெடுக்கும்.

மூன்றாம் சந்தேகம், நேரம். பசைக்குழாயில் பொடி எழுத்தில், ‘23 டிகிரியில் 15 நிமிடத்துக்குள் கண்ணாடியை வைக்கவும்’ என்று இருந்ததை அப்போதுதான் படித்தேன். வேதிவினைகள் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது தோராயமான விதி. 15 டிகிரி கூடுதல் என்றால் மூன்று மடங்கு வேகம். 15 நிமிடம் என் முற்றத்தில் 5 நிமிடமாகச் சுருங்கியிருக்கும். அதற்குள் பாலில் ஆடை கட்டுவதுபோல் பசையின்மேல் ஓர் ஏடு கட்டிவிடும். ஏடு கட்டிய பசை கண்ணாடியை நனைக்காது, சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்.

சோதித்துப் பார்த்தேன். தகரப் பட்டைகளில் பசை இழுத்து, வெயிலில் 3, 10, 25 நிமிடம் கழித்து, 2 செ.மீ. அகலக் கண்ணாடிப் பட்டைகளை வைத்து அமுக்கினேன். இன்னொரு கண்ணாடிப் பட்டையில், துடைத்தபின் வேண்டுமென்றே எண்ணெய் விரலால் தொட்டுவிட்டு, 3 நிமிடத்திலேயே ஒட்டினேன். 10 மி.மீ. ஆழம் இறுக (10/3)-இன் வர்க்கம், அதாவது 11 நாள் வேண்டும் என்பதால் இரண்டு வாரம் காத்திருந்தேன். பிறகு குறட்டால் தகரத்தை உரித்தேன். 3 நிமிடப் பட்டையில் பசை நடுவில் கிழிந்தது. 10 நிமிடத்தில் திட்டுத்திட்டாக வந்தது. 25 நிமிடப் பட்டையில் கண்ணாடி கழுவி வைத்ததுபோல் தனியே வந்தது. விரல் பட்ட பட்டையில் விரல் அளவுக்கு மட்டும் ஒரு வெற்றிடம்.

என் காரில் வெற்றிடம் விரல் அளவன்று, ஒரு சாண். அதுவும் நான் கோடு இழுக்கத் தொடங்கிய அதே மூலை. அதிக நேரம் வெயிலில் காத்திருந்தது அந்தப் பகுதிதான். குற்றவாளி அகப்பட்டது.

ஒரு சாண்தானே என்று கேட்கலாம். தபால் உறையின் ஒட்டை நேராக இழுத்தால் வராது. ஒரு மூலையைக் கிளப்பிவிட்டால் முழுவதும் வந்துவிடும். உரிக்கும்போது விசை முழுவதும் ஒரே கோட்டில் குவிகிறது. 16,000 கிலோகிராம் கணக்கெல்லாம் சுற்றிலும் ஒட்டு இருந்தால்தான். ஒரு மூலை திறந்துவிட்டால் கணக்கு செல்லாது.

மறுபடி ஒட்டியபோது விடியற்காலையில் வேலையைத் தொடங்கினேன். இரண்டு குழாய்களையும் மூக்கு வெட்டித் தயாராக வைத்தேன். நான் பூசிய சிலிக்கோனைக் கடைசித் தடயம்வரை நீக்கத்தான் பாதி நாள் முன்கூட்டியே செலவாயிற்று. சிலிக்கோன் படிந்த இடத்தில் பாலியூரித்தேன் ஒட்டாது. கோடு இழுத்துக் கண்ணாடி வைக்க 4 நிமிடம். இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. கட்டைவிரலால் இப்போதும் மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கிறேன்.

முன்கண்ணாடியை மட்டும் நான் தொடமாட்டேன். சிறு பக்கக் கண்ணாடியில் நான் செய்த தவறு ஒரு பயத்தோடு முடிந்தது. அதே தவறு முன்கண்ணாடியில் நடந்தால், அது விபத்து நேரும் நொடியில்தான் தெரியவரும். அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டு, ‘வண்டியை எத்தனை மணி கழித்து எடுக்கலாம்?’ என்று கேளுங்கள். அந்த நேரம்வரை பொறுத்திருங்கள். ஐசோசயனேட்டின் ஆவி மூச்சுக்குழாய்க்கு ஆகாது. ஆகவே இந்தப் பசையை மூடிய அறையில் எவரும் கையாளக் கூடாது; நீங்கள் வாங்கிச் சோதிக்கவும் வேண்டாம்.

ஆனால் இரண்டு சோதனைகளை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரு கண்ணாடித் தட்டைச் சோப்பு நீரால் நன்கு கழுவித் துடைத்து, ஒரு பாதியில் எண்ணெய் விரலால் தேய்த்துவிட்டு, இரண்டு பாதியிலும் ஒவ்வொரு துளி நீர் விடுங்கள். சுத்தமான பாதியில் துளி பரவும். எண்ணெய்ப் பாதியில் முத்துப்போல் நிற்கும். எதைத் திரவம் நனைக்கிறதோ அதைத்தான் பசை பிடிக்கும். அடுத்து, இரண்டு சோடித் தாள் நாடாக்களில் மரப்பசை தடவி, ஒரு சோடியை உடனேயும், மற்றதை வெயிலில் பசை ஏடு கட்டிய பிறகும் ஒட்டுங்கள். மறுநாள் உரித்துப் பாருங்கள். தாள் கிழிந்ததா, பசை பெயர்ந்ததா என்று குறித்துவையுங்கள்.

தொடக்கத்தில் கேட்ட கறுப்புப் பட்டைக்கு வருவோம். அது கண்ணாடியோடு சேர்த்துச் சூளையில் சுட்ட பீங்கான் பூச்சு. அதன் பின்னால் பசைக்கோடு மறைந்திருக்கிறது. சூரியனின் புறஊதாக் கதிர் பாலியூரித்தேனைச் சிதைத்துவிடும். பட்டை அதற்குக் குடை பிடிக்கிறது. கறுப்பு அதிக வெப்பத்தை ஏற்பதால், கண்ணாடியைச் சூளையில் வளைக்கும்போது பட்டையின் எல்லையில் உருவம் கோணலாகும். அந்த மாற்றத்தைப் படிப்படியாக்கவே புள்ளிகள்.

ஒரு கல் விழும்வரை நான் அதைக் கோலம் என்றே நினைத்திருந்தேன். உங்கள் வீட்டு வண்டியில் மழை கசிந்தால் அடைப்பதற்கு முன், ஏன் கசிகிறது என்று கேளுங்கள்.